1860 ஆளாக நிற்பது எப்படி: நவம்பர் நிகழ்ச்சிக்கு வரும் தன்னார்வலர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிய முதல் கப்பல் 1860-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்து சேர்ந்த நாள் நவம்பர் 16. அந்த நாள் வந்தால் டர்பனைச் சுற்றியுள்ள ஊர்களில் கூட்டம் போடுவார்கள், பூஜை செய்வார்கள், பெரியவர்கள் பேசுவார்கள். நாங்கள் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று செய்கிறோம். மைதானத்தின் ஒரு மூலையில் கரும்புத் தோட்டத்து பேரக்ஸ் முற்றம் மாதிரி ஓர் இடத்தை அமைக்கிறோம், பத்துப் பதினைந்து தன்னார்வலர்கள் அந்தக் காலத்து ஆட்களாக அங்கே நாள் முழுக்க இருப்பார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது, எழுதிக் கொடுத்த வசனமும் கிடையாது. பார்க்க வருகிறவர் நேராக நடந்து வந்து, அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்பார். அந்த அம்மா பதில் சொல்ல வேண்டும்.

புதிதாக வருகிறவர்களைத் தயார்செய்யும் வேலை சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். துணியில் தொடங்குகிறார்கள். வேட்டி வாங்கி, தலைப்பாகை கட்டி, நாலு படம் எடுத்து அனுப்பிவிட்டு, "அண்ணா, நான் ரெடி" என்கிறார்கள். முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் அந்த வேட்டிக்குள் இருக்கும் ஆள் யார், என்றைக்கு இருக்கிறார் என்று அவர்கள் யோசித்திருக்கவில்லை. இந்த வழிகாட்டியில் துணி ஐந்தாவது படி. வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையதை நம்பித்தான் நிற்கிறது.

தொடங்கும் முன்

பத்து வாரம் வேண்டும். ஆடிக் கூழ் ஊற்றி முடிந்ததும் தொடங்கினால் நவம்பருக்குச் சரியாக இருக்கும். செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் போதும் என்று நினைப்பவர்கள் புரட்டாசியை மறந்துவிடுகிறார்கள். சனிக்கிழமைகளில் பாதிப் பேர் கோயிலில் இருப்பார்கள், அதன் பிறகு தீபாவளி வேலை வந்துவிடும், ஒத்திகைக்கு ஆள் சேராது. நாங்கள் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு மூன்றே மூன்று ஒத்திகையோடு இறங்கினோம், பதில்கள் எல்லாம் பள்ளிப் பாடம் ஒப்பிப்பது போல இருந்தன.

ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். செல்பேசியில் எழுதாதீர்கள். நிகழ்ச்சி நாளில் செல்பேசி உங்கள் கையில் இருக்காது, கையால் எழுதியது கொஞ்சம் மனதிலும் தங்கும்.

வீட்டுப் பெரியவர் ஒருவர். ஆயாவோ தாத்தாவோ, பக்கத்து வீட்டு அவ்வாவோ, யாராக இருந்தாலும் சரி. ஆறாவது படியில் இவர் இல்லாமல் நகர முடியாது.

1. முதலில் ஒரு தேதியை எடுங்கள்

"அந்தக் காலம்" என்று ஒரு காலம் கிடையாது. நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் ஆட்கள் வந்தது 1860-லிருந்து 1911 வரை, மொத்தம் 1,52,184 பேர். அந்த ஐம்பது வருடத்தில் எல்லாமே மாறியிருக்கிறது. அதனால் குழு முழுவதும் ஒரே வருடத்தை, முடிந்தால் ஒரே நாளை, முதல் கூட்டத்திலேயே முடிவுசெய்துவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், தேதி இல்லாவிட்டால் ஒரே முற்றத்தில் ஒருவர் 1860-லும் இன்னொருவர் 1913-லும் நிற்பார்கள், பார்ப்பவருக்குக் குழப்பம் தவிர ஒன்றும் மிஞ்சாது. கண்ணால் பார்த்த தவறுகள் சில:

1860 முற்றத்தில் குஜராத்திக் கடைக்காரர். சொந்தச் செலவில் கப்பலேறி வந்த வணிகர்கள் 1870களின் நடுவில்தான் வரத் தொடங்கினார்கள்.

"நான் 1870-ல் கப்பலில் வந்தேன்" என்று சொல்லும் தொழிலாளி. அவர் வந்திருக்க முடியாது. 1866-ல் ஆள் எடுப்பது நின்றுபோய் 1874-ல்தான் மறுபடியும் தொடங்கியது. இடையில் ஒப்பந்தம் முடிந்து மெட்ராஸ் திரும்பியவர்கள் இங்கே பட்ட பாட்டை அங்கே முறையிட்டதால்தான் 1872-ல் விசாரணைக் குழு அமைந்தது.

1860-ல் "பாதுகாவலரிடம் போய்ச் சொல்வேன்" என்பது. தொழிலாளர் குறைகளைக் கேட்கும் அந்த அரசுப் பதவியே 1872 விசாரணைக்குப் பிறகு வந்தது. முதல் கப்பல்காரர்கள் வந்தபோது அப்படி ஒரு பாதுகாவலர் இருக்கவில்லை.

1860-ல் காந்தியைப் பற்றிப் பேசுவது. அவர் பிறந்தது 1869-ல், டர்பனில் இறங்கியது 1893-ல். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துவிடுகிறது.

புதியவர்களுக்கு நான் சொல்வது 1860 நவம்பர். மெட்ராஸிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்த நாட்கள். எல்லோரும் புதிதாக வந்தவர்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரியாததும் அந்த ஆளுக்குத் தெரியாததும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கும். இரண்டு மூன்று வருட அனுபவம் வந்த பிறகு, தொழிலாளர்கள் 3 பவுன் வரியை எதிர்த்து வேலையை நிறுத்தி நடந்த 1913-க்குப் போகலாம்.

2. ஆளைத் தேர்ந்தெடுங்கள்: பெயர் தெரிந்தவரா, பெயர் தெரியாதவரா

எல்லோரும் முதலில் கேட்பது, காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற தம்பி நாயுடுவாக நிற்கலாமா, வள்ளியம்மாவாக நிற்கலாமா என்றுதான். ஆசை புரிகிறது. ஆனாலும் முதல் வருடத்தில் வேண்டாம்.

பெயர் தெரிந்த ஒருவராக நிற்கும்போது அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. கேள்வி எந்தப் பக்கத்திலிருந்தும் வரும், பதிவில் இருப்பதை வைத்து மட்டும் பதில் சொல்ல நிறையப் படித்திருக்க வேண்டும். வள்ளியம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தில்லையாடி வள்ளியம்மை என்று சொல்வதால், அவர் தில்லையாடியிலிருந்து கப்பலேறி வந்த கிராமத்துப் பெண் என்று நினைத்துக்கொண்டு, கப்பல் கதையோடு ஒரு தங்கை வந்தாள். வள்ளியம்மா பிறந்தது 1898-ல் ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி பெற்றோர் பக்கத்து ஊர், அவர் பார்த்ததே இல்லை. மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் இறந்தபோது அவருக்கு வயது 16. இந்தச் சின்னப் பெண்ணின் வாழ்க்கையில் தப்பான ஒரு வரியைச் சேர்ப்பது எனக்கு மனம் பொறுக்காத காரியம்.

அதனால் பெயர் தெரியாத ஆளாக நில்லுங்கள். பதிவுகளிலிருந்து நாலைந்து பேருடைய விவரத்தைச் சேர்த்து ஓர் ஆளை உருவாக்குங்கள். அப்படி ஒருவர் இருந்திருக்கக்கூடும் என்பதற்கு ஆதாரம் இருக்க வேண்டும், ஆனால் அவர் யாருடைய கொள்ளுத் தாத்தாவும் கிடையாது.

3. கப்பல் பட்டியலைப் படியுங்கள்

கப்பல் பட்டியல்கள் நமக்குக் கிடைத்த பெரிய சொத்து. எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், கப்பல், யாரிடம் அனுப்பப்பட்டார் என்று வரிசையாக இருக்கும். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்திலும் டர்பன் ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

படிக்கும்போது மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்கள் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. முனுசாமி மூன்சாமி ஆனதும், முதலியார் மூட்லி ஆனதும், கவுண்டர் கவெண்டர் ஆனதும் இப்படித்தான். எழுத்தை உரக்க வாசித்துப் பாருங்கள், பெயர் தானாகக் காதில் விழும்.

குடும்பப் பெயர் அப்போது கிடையாது. "என் பெயர் முனுசாமி கவெண்டர்" என்று 1860 ஆள் சொல்ல மாட்டார். முனுசாமி, அப்பா பெயர் கோவிந்தன், அவ்வளவுதான். இன்று நம் அடையாள அட்டையில் இருக்கும் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

எண்ணைத் தொடாதீர்கள். தகர வில்லை செய்து கழுத்தில் கட்டும்போது பட்டியலிலிருந்து ஓர் எண்ணை எடுத்து அப்படியே பொறித்துவிட்டார் ஒரு தம்பி. கூட்டத்தில் வந்த ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அது அவருடைய பாட்டனாரின் எண், பல வருடம் தேடிக் கண்டுபிடித்து மனப்பாடமாக வைத்திருந்தார். அந்த எண்ணைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேறொரு கதையைச் சொல்லும் ஆளைப் பார்த்தால் எப்படி இருக்கும்? இப்போதெல்லாம் கடைசி இரண்டு இலக்கத்தைத் தேய்த்து மங்கலாக்கிவிடுகிறோம். வில்லையின் ஓரத்தையும் அரத்தால் ராவிவிடுங்கள், கழுத்தைக் கிழிக்கும்.

4. உங்கள் ஆளுக்கு என்ன தெரியாது என்று எழுதுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நோட்டில் இரண்டு பக்கம் திறந்துகொள்ளுங்கள். இடது பக்கம் அவருக்கு இன்று தெரிந்தவை. வலது பக்கம் தெரியாதவை. வலது பக்கம் நிரம்பும் வரை அடுத்த படிக்குப் போக நான் யாரையும் விடுவதில்லை.

1860 நவம்பரில் இறங்கிய ஒருவருக்கு என்ன தெரியும்? மெட்ராஸில் துறைமுகம் கிடையாது என்பதால் அலைக்கு நடுவே மசூலாப் படகில் ஏறி, அங்கிருந்து கப்பலுக்கு மாறியது தெரியும். அக்டோபர் 12-ல் புறப்பட்டு ஐந்து வாரம் கடலில் கிடந்தது தெரியும். மாதம் 10 ஷில்லிங், அதாவது அந்தக் காலக் கணக்கில் 5 ரூபாய், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும் என்று சொன்னது தெரியும். அரிசி, பருப்பு, கருவாடு, எண்ணெய், உப்பு கொடுப்பார்கள் என்று சொன்னது தெரியும். இறங்கியதும் துறைமுகத்திலிருந்து ஊருக்குள் ஓடும் புகைவண்டியைப் பார்த்திருக்கலாம், அந்த வருடம் ஜூனில்தான் அது ஓடத் தொடங்கியது.

என்ன தெரியாது? சொன்ன கூலி ஒழுங்காகக் கைக்கு வருமா என்று தெரியாது. கரும்புத் தோட்டத்தைவிட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும், இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பது தெரியாது. திரும்பிப் போவோமா மாட்டோமா தெரியாது. பிள்ளைகள் இங்கேயே பிறந்து, அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துபோகும் என்பதும் தெரியாது.

"உங்களை ஏமாற்றி அழைத்து வந்தார்களா?" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். புதியவர் உடனே "ஆமாம், ஏமாற்றிவிட்டார்கள்" என்று அழத் தொடங்குவார். 1860 நவம்பர் ஆள் அப்படிச் சொல்ல மாட்டார், அவர் இன்னும் முதல் மாதக் கூலியை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "மாதம் 5 ரூபாய் என்றார்கள். அஞ்சு வருஷம் இருந்துவிட்டு, கொல்லையை மீட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன்" என்று சொல்லட்டும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டவருக்குத் தெரியும். அவர் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். நீங்கள் அழ வேண்டியதில்லை.

1913-ஐ எடுத்துக்கொள்பவர்களுக்கு வலது பக்கம் வேறு மாதிரி இருக்கும். 1895 சட்டப்படி ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்குகிறவர் வருடம் 3 பவுன் கட்ட வேண்டும், அது 60 ஷில்லிங், மாதம் 10 ஷில்லிங் கணக்கில் பார்த்தால் ஆறு மாதக் கூலி. இந்தக் கணக்கு அந்த ஆளுக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் வேலையைப் போட்டுவிட்டு நடந்ததே அதற்காகத்தான். நவம்பர் 6 அன்று காந்தியோடு டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டப் புறப்பட்டவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். வழியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. அடுத்த வருடம் அந்த வரி நீக்கப்படும் என்பது நடந்துகொண்டிருக்கும் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நிற்காதீர்கள், கால் வலிக்கிற ஆளாக நில்லுங்கள்.

5. இப்போது துணி

பருத்தி மட்டும். காரணம் இரண்டு. பாலியெஸ்டர் பத்தடி தூரத்திலேயே மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட முக்கியம், அடுப்புப் பக்கம் நெருப்புப் பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

கல்யாண வேட்டி வேண்டாம், சரிகைக் கரை வேண்டாம். சாதாரண நாலு முழத் துண்டு, துவைத்துத் துவைத்து நைந்தது. புதுத் துணிதான் கிடைத்தது என்றால் தேநீர்த் தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, கல்லில் அடித்துத் துவைத்து வெயிலில் போடுங்கள், ஐந்தாறு முறை செய்தால் சரியாகிவிடும். பெண்களுக்குக் கைத்தறிச் சேலை, கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டியது. வேலை செய்கிற கட்டு அப்படித்தான் இருக்கும்.

கழற்ற வேண்டியவை: கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி (இல்லாமல் நடக்கவே முடியாது என்றால் போட்டுக்கொள்ளுங்கள், விழுவதைவிட அது மேல்), நகப்பூச்சு, பிளாஸ்டிக் வளையல், ரப்பர் செருப்பு. ஸ்டிக்கர் பொட்டு. இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் சரியாகச் செய்த பெண்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். குங்குமம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரத்தில் எவர்சில்வர் கண்ணில் படவே கூடாது, அது அப்போது உலகத்திலேயே கிடையாது. பித்தளைச் சொம்பு, மண்சட்டி, தகரக் குவளை போதும். வீட்டுப் பூஜை அறையில் தேடினால் பாதி கிடைத்துவிடும். பனி சாவ், அதாவது ரொட்டிக்குள் கறி, 20-ஆம் நூற்றாண்டுச் சாப்பாடு. முற்றத்துக்குள் அதைக் கொண்டுவராதீர்கள், பசித்தால் கூடாரத்துக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுங்கள்.

பழைய புகைப்படத்தைப் பார்த்து உடுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படம் எடுக்க நிற்கும்போது யாரும் இருப்பதில் நல்லதைத்தான் உடுத்துவார்கள். அது வயலில் போட்ட துணி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

6. கைக்கு ஒரு வேலை கொடுங்கள்

சும்மா நிற்கிற ஆளிடம் யாரும் வந்து பேச மாட்டார்கள். கை வேலை செய்துகொண்டிருந்தால், "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பது எல்லோருக்கும் சுலபம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. உங்களுக்கும் பதற்றம் குறையும்.

இங்கேதான் வீட்டுப் பெரியவர் தேவை. அம்மியில் மிளகாய் அரைப்பது, முறத்தில் புடைப்பது, தலையில் சும்மாடு வைத்துக் குடம் தூக்குவது, இவற்றை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. முறத்தைப் பிடிக்கும் கையில் ஒரு வெட்டு இருக்கிறது, ஆயா உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு தடவை ஆட்டிக் காட்டினால்தான் வரும். குறைந்தது ஒரு மாதம் தினமும் செய்யுங்கள். வேலை தெரியாத கையைப் பார்வையாளர்களில் இருக்கும் வயதானவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கரும்பு வெட்டும் கத்தி மரத்தில்தான் செய்ய வேண்டும், மழுங்கிய இரும்புகூட வேண்டாம். பிள்ளைகள் ஓடிவந்து பிடுங்குவார்கள்.

7. எந்த மொழியில் பேசுவது

கடினமான கேள்வி. 1860 ஆள் தமிழ்தான் பேசியிருப்பார். ஆனால் இன்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு, நம் பிள்ளைகள் உட்பட, ஆங்கிலம்தான் வரும்.

நாங்கள் பல விதமாகச் செய்து பார்த்துவிட்டு வந்து நின்ற இடம் இது: வரவேற்பு, உறவுச் சொல், வேலையின் பெயர், சாப்பாட்டின் பெயர், ஆச்சரியம், அலுப்பு எல்லாம் தமிழில். விளக்கம் நேரான, சாதாரண ஆங்கிலத்தில். உடைந்த ஆங்கிலத்தில் பேசி நடிக்காதீர்கள். நம் முன்னோர் மொழி தெரியாத முட்டாள்கள் கிடையாது, அவர்கள் தங்கள் மொழியில் முழுமையாகப் பேசியவர்கள். கொச்சை ஆங்கிலத்தில் அவர்களைப் பேச வைத்தால் கூட்டம் சிரிக்கும், அந்தச் சிரிப்பு அவர்கள்மேல் விழும்.

தமிழே வராத தம்பி தங்கைகளுக்கு இருபது வாக்கியம் போதும். "வாங்க, உட்காருங்க." "தண்ணி குடிக்கிறீங்களா?" "எந்த ஊரு உங்களுக்கு?" ஒத்திகை முழுக்க இதையே மாறி மாறிச் சொல்ல வையுங்கள், ராகம் வந்துவிடும். ஒரு வருடம் சக்கர நாற்காலியில் வந்த ஓர் அவ்வாவிடம் பதினேழு வயதுப் பையன் "வாங்க ஆத்தா, சாப்டீங்களா?" என்றான். அந்தக் கிழவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேசத் தொடங்கினார், கால்மணி நேரம் விடவில்லை. அவனுக்குப் பாதி புரியவில்லை, கையை மட்டும் எடுக்கவேயில்லை.

இரண்டு விஷயம் கவனியுங்கள். மேற்பார்வையாளனைக் கங்காணி என்று சொல்கிறார்கள், அது இலங்கை, மலாயாத் தோட்டத்துச் சொல். நேட்டாலில் சர்தார். இன்னொன்று, அந்தக் காலத்து மனைவி கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள். எழுத்தர் கேட்டால் பக்கத்தில் நிற்கும் யாரையாவது சொல்லச் சொல்லிக் கையைக் காட்டுவாள். இதைச் செய்து காட்டினால் பத்து நிமிட விளக்கத்தைவிட அதிகம் போய்ச் சேருகிறது.

8. வலிக்கும் இடங்களை முன்கூட்டியே பேசி முடியுங்கள்

கூலி. தமிழில் அது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம், அதில் ஒரு கேவலமும் இல்லை. இந்த நாட்டில் அதே சொல்லை நம் முகத்தில் வசையாக எறிந்திருக்கிறார்கள், இன்னும் எறிகிறார்கள். எங்கள் விதி: தமிழ் வாக்கியத்துக்குள் "எனக்குக் கூலி வரவில்லை" என்று தாராளமாகச் சொல்லலாம். முதலாளியாகவோ எழுத்தராகவோ நிற்பவர் நம்மை அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது. காகிதத்தில் அந்தச் சொல் அச்சாகியிருந்தால் அதைக் காட்டலாம், வேடத்திலிருந்து வெளியே வந்து விளக்கலாம்.

அடி. சாட்டையால் அடிக்கும் காட்சி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாம் பொய்யாக அடித்துக் காட்டும்போது அது கூத்தாகிவிடுகிறது, பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அதை விளையாடுகிறார்கள். அடி வாங்கிய மறுநாள் முதுகைக் காட்டாமல் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும் ஒருவர் போதும்.

சர்தார் வேடம் எல்லாவற்றிலும் கடினம். அவர் நம்மவர், ஆனால் முதலாளி பக்கம் நிற்பவர். அவரை வெறும் வில்லனாக்கினால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். அனுபவமுள்ள, பொறுமையான ஒருவருக்கு மட்டும் கொடுங்கள்.

சூலு மக்களாக நாம் வேடம் போடக் கூடாது. எந்தத் துணியைக் கட்டினாலும் அது கேலியாகத்தான் முடியும். அவர்கள் நிலத்தில்தான் இந்தக் கதை நடந்தது, அதனால் சூலு நண்பர்களைத் தொடக்கத்திலேயே கூப்பிட்டு, அவர்கள் எப்படி நிற்க விரும்புகிறார்கள், என்ன சொல்ல விரும்புகிறார்கள் என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் போய்க் கேட்பது மரியாதையில்லை.

சாதி. பட்டியலில் அந்தப் பத்தி இருக்கிறது, இல்லாதது போல நடிக்க முடியாது. அதே சமயம் கூட்டத்தில் யாருடைய குடும்பத்தையும் சுட்டுவது போல எதுவும் வரக் கூடாது. கப்பலில் எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சமைத்ததையும், அதைச் சாப்பிடச் சிலர் தயங்கியதையும் வைத்துப் பேசினால் விஷயமும் வரும், யாரும் புண்பட மாட்டார்கள்.

9. கேள்வி ஒத்திகை

வசனத்தை மனப்பாடம் செய்யும் ஒத்திகை இங்கே உதவாது. இங்கே நம் ஊரில் தெருக்கூத்தை ஆறடிக் கூத்து என்று ஆடிய குடும்பங்கள் இருக்கின்றன, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் குரலும் அசைவும் நன்றாக வரும். ஆனால் கூத்துக்காரர் கூட்டத்துக்குச் சொல்கிறார், இங்கே எதிரே நிற்கும் ஒருவரிடம் பேச வேண்டும். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது குரலைத் தணிக்கத்தான்.

ஒருவரை நடுவில் உட்கார வைத்து மற்றவர்கள் சுற்றி நின்று கேட்க வேண்டும். சுலபமானது, அபத்தமானது, கோபமானது எல்லாம் கலந்து வரட்டும். "கழிவறை எங்கே இருந்தது?" "திரும்பிப் போயிருக்கலாமே?" "எங்களால்தான் நீங்கள் முன்னேறினீர்கள், இல்லையா?" கடைசிக் கேள்வி உண்மையாகவே வரும்.

இரண்டு பேச்சு முறையை இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். "நான் வந்தேன்" என்று வேடத்துக்குள்ளிருந்து பேசுவது ஒன்று. "அவர்கள் வந்தார்கள்" என்று இன்றைய ஆளாக விளக்குவது மற்றொன்று. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற எல்லோருக்கும் பொதுவாக ஓர் அடையாளம் வேண்டும். நாங்கள் ஆண்கள் என்றால் தலைப்பாகையைக் கழற்றுகிறோம், பெண்கள் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார்கள். அடையாளமே இல்லாமல் நடுவில் மாறினால் கேட்பவருக்கு யார் பேசுகிறார் என்று தெரியாது. பின்னால் நடந்தது, எண்ணிக்கை, சட்டம் பற்றிய கேள்வி என்றால் வெளியே வாருங்கள். குழந்தை அழுதாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பதில் தெரியாதபோது இட்டுக்கட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. வேடத்துக்குள் இருந்தால் "எனக்கு யார் சொன்னார்கள், நேற்றுத்தானே இறங்கினேன்" என்பதே உண்மையான பதில். வெளியே இருந்தால் "தெரியாது, எழுதிக்கொள்கிறேன்" என்று சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

10. அந்த நாள்

நவம்பரில் டர்பன் வெயிலும் புழுக்கமும் உங்களுக்குத் தெரியும், மழையும் எப்போது வேண்டுமானாலும் கொட்டும். ஒரு மணி நேரம் நின்றால் இருபது நிமிடம் நிழலில் உட்கார வேண்டும் என்று ஆள் மாற்றும் பட்டியலை முதல் நாளே ஒட்டிவிடுங்கள். சொம்பில் நல்ல தண்ணீர் வையுங்கள், வேடம் கலையாமல் குடிக்கலாம். வெறுங்காலோடு நிற்பவர்களுக்காகக் காலையில் இருவர் மைதானத்தை நடந்து பார்த்து முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் பொறுக்க வேண்டும்.

அடுப்புக்கு ஒருவர், வேறு வேலை இல்லாமல். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். முந்தானையை இடுப்பில் செருகாமல் யாரும் அடுப்பை நெருங்கக் கூடாது.

வேடமில்லாத இருவர் வாசலில் நிற்கட்டும். "உள்ளே இருப்பவர்களுக்கு இன்று 1860, நீங்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்" என்று அவர்கள் ஒரு வரி சொல்லி அனுப்பினால் போதும், வருகிறவர்களுக்குக் கூச்சம் போய்விடும். நாங்கள் முதல் வருடம் இதைச் செய்யவில்லை, பாதிப் பேர் கயிற்றுக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

யாருக்காவது உண்மையாகவே உடம்பு சரியில்லை என்றால் ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். "மயக்கமா இருக்கு" என்று சொன்னால் நடிப்பென்று நினைத்துவிடுவார்கள். எங்கள் சொல் "செல்பேசி". 1860-ல் அதை யாரும் தற்செயலாகச் சொல்ல வழியில்லை.

11. முடிந்த பிறகு

உடனே வீட்டுக்குப் போகாதீர்கள். துணி மாற்றிக்கொண்டு அரைமணி நேரம் வட்டமாக உட்காருங்கள். நாள் முழுக்க அந்த ஆளாக இருந்தவர்களில் சிலருக்கு, முக்கியமாகத் தங்கள் குடும்பமே அந்தக் கப்பலில் வந்தது என்று தெரிந்தவர்களுக்கு, அப்போதுதான் அழுகை வரும். வரட்டும், யாராவது பக்கத்தில் இருங்கள்.

பதில் தெரியாத கேள்விகளை அங்கேயே ஒருவர் தொகுத்து எழுத வேண்டும், அடுத்த வருடத்துக்கு நீங்கள் படிக்க வேண்டியது அதுதான். "எங்கள் தாத்தா எண்ணைத் தேட முடியுமா?" என்று கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள்.

துணிகளை அன்றே அலசி நிழலில் நன்றாக உலர்த்திவிட்டு மடியுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கி, யார் வீட்டிலிருந்து எது வந்தது என்று நோட்டில் எழுதியதைப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். முறத்தை மட்டும் ஆயாவிடம் நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், என்ன நடந்தது என்று அவர் கேட்பார்.